கார் வாங்க நமக்குக் கட்டுப்படியாகுமா? ஷோரூமுக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

கார் ஷோரூமில் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" அதற்கு நீங்கள் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் மீதியை விற்பனையாளர் பார்த்துக்கொள்வார். ஐந்து வருடக் கடனை ஏழு வருடமாக நீட்டி, நீங்கள் மனதில் நினைத்து வந்ததைவிட ஒரு படி பெரிய வண்டியை அதே தொகைக்குள் அடக்கிக் காட்டுவார். வங்கியும் சரி என்று சொல்லும். எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்குள் இருந்தால் பல வங்கிகளுக்குப் போதும். கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் வங்கியின் கவலை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று அது கேட்காது.

அதனால் வங்கி தரும் ஒப்புதலை "நம்மால் முடியும்" என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடும் முறையை, தமிழ்நாட்டில் முதல் கார் வாங்க நினைக்கும் ஒரு சம்பளக் குடும்பத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். வேலைக்கே கார் தேவைப்படுபவர்களுக்கும், வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு. இது ஆசைக்கும் வசதிக்கும் வாங்குபவர்களுக்கானது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆசைக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு வாங்குவோம், அவ்வளவுதான்.

முதலில், எங்கே போகப் போகிறோம்?

ஒரு நோட்டில் போன மாதம் குடும்பமாக எங்கெல்லாம் போனீர்கள் என்று எழுதுங்கள். ஆட்டோ, கால் டாக்ஸி, பேருந்து, பைக் எல்லாவற்றையும். கார் இருந்திருந்தால் எந்தப் பயணத்துக்கு அதை எடுத்திருப்பீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். தினமும் அலுவலகத்துக்குக் காரில் போவேன் என்று நினைப்பவர்கள் அலுவலகத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம். பலர் கார் வாங்கிய பிறகும் பைக்கில்தான் வேலைக்குப் போகிறார்கள். வீட்டிலும் வண்டி நிற்க இடம் வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் இருந்து கிடைக்க வேண்டியது ஓர் எண்: மாதம் எத்தனை கிலோமீட்டர். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு 800 என்று வைப்போம். ஊருக்குள் கொஞ்சம், மாதம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க ஊருக்கு.

விளம்பர விலையும் கையை விட்டுப் போகும் விலையும்

எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை, தொடக்கம்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி மாற்றப்பட்டது. கார்களுக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, பிறகு 20 லட்சம் வரை 18, அதற்கும் மேலே 20 சதவீதம். இது ஆயுள் வரி, ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

எக்ஸ்-ஷோரூம் 8,00,000 ரூபாய் என்றால்:

சாலை வரி 1,04,000
காப்பீடு சுமார் 40,000
பதிவு, நம்பர் பிளேட், ஃபாஸ்டாக் சுமார் 6,000
மேட், சீட் கவர் வகையறா 10,000

ஆக 9,60,000. விளம்பரத்தில் பார்த்ததைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதிகம். இதில் வரியும் காப்பீடும் வண்டியை விற்கும்போது திரும்பி வராதவை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

10 லட்சத்துக்குப் பக்கத்தில் விலை வரும் வண்டி பார்க்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 9,95,000 ரூபாய் வண்டிக்குச் சாலை வரி 1,29,350. அதே வண்டியில் ஒரு படி உயர்ந்த மாடல் 10,05,000 என்றால் வரி 1,80,900. விலையில் 10,000 கூடியதற்கு வரியில் 51,550 கூடுகிறது. போதாததற்கு 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டப்படும் என்றாலும் வாங்கும் நாளில் கையில் இருந்துதான் போக வேண்டும். சன்ரூஃப்புக்கு ஆசைப்பட்டு இந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் நிறைய.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி வரை, டீசல் என்றால் 1500 சிசி வரை இருந்தால் இந்த வரி. மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நல்ல விஷயம்தான். ஆனால் "விலை இறங்கியிருக்கிறது" என்பதும் "எனக்குக் கட்டுப்படியாகிறது" என்பதும் வேறு வேறு செய்திகள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர், ஆண்டுக் கடைசி விற்பனை எல்லாமே இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதற்காக வருபவை.

நின்றாலும் ஓடினாலும் மாதம் எவ்வளவு?

கையில் இருந்து 3,10,000 போட்டு, 6,50,000 கடன் வாங்குகிறோம் என்று வைப்போம். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் 13,500. விற்பனையாளர் சொல்வது இந்தத் தொகையைத்தான். ஆனால் யானையை வாங்கினால் தீனி போட வேண்டும்.

பெட்ரோல்: 800 கி.மீ., லிட்டருக்கு 16 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,000. நகர நெரிசலில் கம்பெனி சொல்லும் மைலேஜ் கிடைக்காது, குறைத்தே போடுங்கள்.
இரண்டாம் வருடத்திலிருந்து காப்பீடு: வருடம் 18,000 என்றால் மாதம் 1,500.
சர்வீஸ்: சராசரியாக 900. முதல் ஒன்றிரண்டு சர்வீஸ் மலிவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.
டயர், பேட்டரிக்காக எடுத்து வைப்பது: 500.
சுங்கம், பார்க்கிங், கழுவுவது, பஞ்சர்: 1,200.

ஓட்டும் செலவு 9,100. தவணையோடு சேர்த்து ஏறக்குறைய 22,600. பைக் பெட்ரோலிலும் ஆட்டோ, டாக்ஸியிலும் 3,500 மிச்சமாகும் என்று தாராளமாக வைத்தால் வீட்டுக்குக் கூடுதலாக வரும் மாதச் சுமை 19,100. தவணைத் தொகையை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வரி: 2018 செப்டம்பரில் இருந்து புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதனால் முதல் வருடத் தொகை பெரிதாகவும் அடுத்த இரண்டு வருடம் சிறிதாகவும் தெரியும். நான்காம் வருடம் மறுபடி ஏறும்போது பயப்பட வேண்டாம்.

இன்னொரு கோணத்திலும் பார்த்துவிடலாம். ஐந்து வருடம் கழித்து வண்டி 4,50,000-க்கு விற்கிறது என்று வைத்தால், 9,60,000-இல் 5,10,000 கரைந்துவிட்டது. மாதம் 8,500. கடன் வட்டி மொத்தம் சுமார் 1,60,000, மாதம் 2,660. முன்பணமாகப் போட்ட 3,10,000 வங்கியில் 7 சதவீத டெபாசிட்டில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டி மாதம் 1,800. ஓட்டும் செலவு 9,100. கூட்டினால் 22,000 சொச்சம். 800 கிலோமீட்டருக்கும் வாடகைக் கார் பிடித்து, கிலோமீட்டருக்கு 20 ரூபாய் கொடுத்திருந்தால்கூட 16,000-தான் ஆகியிருக்கும். சொந்தக் கார் வாடகைக் காரை வெல்ல, இந்தக் கணக்கில் மாதம் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்ஸி செயலியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், மழையில் நால்வர் ஒரே பைக்கில் போக வேண்டாம். அந்த நிம்மதிக்கு மாதம் 6,000 கூடுதலாகக் கொடுக்கிறோம். கொடுக்கலாம். "டாக்ஸிக்குக் கொடுப்பதை இஎம்ஐ-க்குக் கொடுத்தால் வண்டி நமக்கே சொந்தம்" என்ற வாதத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் கணக்கில் அது நிற்கவில்லை.

மாதக் கணக்கு பொய் சொல்லும், வருடக் கணக்கு எடுங்கள்

பெரும்பாலான வீடுகளில் கணக்கு வழுக்குவது இங்கேதான். மதுரையில் இருக்கும் ஒரு குடும்பம், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பிடித்தம் போகக் கைக்கு வருவது 95,000. வாடகை 14,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 17,000, மின்சாரம், போன், இணையம் 3,500, இரண்டு பைக்குக்குப் பெட்ரோல் 4,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 8,000, மருந்து 2,500, வெளியே சாப்பாடு, சினிமா 4,000. மொத்தம் 53,000. மீதி 42,000. "மாசம் நாப்பதாயிரம் மிச்சம் இருக்கே, இருபதாயிரம் கட்ட முடியாதா?" என்று தோன்றும்.

அந்த 42,000 ஏன் ஒருநாளும் வங்கிக் கணக்கில் சேர்வதில்லை என்று யோசித்தால் விடை கிடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகளை மாதப் பட்டியல் காட்டுவதில்லை. இந்தக் குடும்பத்தில் அவை: பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 1,10,000, மருத்துவக் காப்பீடு, டேர்ம் பாலிசி 50,000, தீபாவளி, பொங்கல் துணிமணி 40,000, கல்யாண மொய், தங்கை வீட்டுச் சீர், கோயில் கொடை 40,000, கோடை விடுமுறைப் பயணம் 30,000, பைக் பழுது, மிக்ஸி, ஃபிரிட்ஜ், பல் வைத்தியம் என எதிர்பாராதது 30,000. கூட்டினால் சரியாக 3,00,000. மாதத்துக்கு 25,000.

ஆக உண்மையான மீதி 17,000. பிள்ளைகளின் கல்லூரிக்கும் இவர்களின் ஓய்வுக் காலத்துக்கும் சேர்க்க வேண்டியதும் இதற்குள்தான். கார் கேட்பதோ 19,100. வங்கி சம்மதித்த கடன்தான், தவணை சம்பளத்தில் 15 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் வீடு மாதம் 2,100 பள்ளத்தில் இறங்குகிறது, சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் வீட்டுப் பட்டியலை நினைவில் இருந்து எழுதாதீர்கள். கடந்த பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கையும் யுபிஐ பட்டியலையும் இறக்கிப் பாருங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிட்டால் இன்னும் நல்லது. சீர் செய்முறைக் கணக்கு ஒருவர் பட்டியலில் இருக்கும், மற்றவர் பட்டியலில் இருக்காது. சீட்டு, சங்கக் கடன், நகைக்கடன் வட்டி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சம்பளம் அடுத்த ஏப்ரலில் ஏறும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏறினால் நல்லது. பள்ளிக் கட்டணமும் கூடவே ஏறும்.

தொடக்கூடாத பணம்

முன்பணம் எங்கிருந்து வருகிறது? இந்தக் குடும்பத்தின் மாதச் செலவு, வருடச் செலவின் பங்கையும் சேர்த்து, 78,000. ஆறு மாதத்துக்கு 4,68,000. வேலை போனாலோ, யாராவது படுத்துவிட்டாலோ ஓட வேண்டிய பணம் இது. டெபாசிட்டில் 7,50,000 இருக்கிறது என்றால் காருக்கு எடுக்கக்கூடியது 2,80,000-தான். 3,10,000 முன்பணம் கேட்கும் வண்டி இங்கேயும் இடிக்கிறது.

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் காரைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். அலுவலகம் தருவது வேலையோடு போய்விடும்.

முன்பணத்துக்காக நகையை அடகு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது முன்பணம் ஆகாது, இரண்டாவது கடன். சீட்டு எடுத்துக் கட்டுவதும் அப்படித்தான். தள்ளிக் கேட்டு எடுக்கும்போது விட்டுக்கொடுத்த தொகைதான் வட்டி, அதோடு நடத்துபவரின் கமிஷனும் உண்டு. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது 7 சதவீதம் வரை போகலாம். எடுத்த பிறகு கட்டும் ஒவ்வொரு தவணையும் கடன் தவணையே, பெயர்தான் வேறு. சீட்டு பிடிக்கிறவர்கள் பதிவு பெற்ற நிறுவனமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அத்துடன் மீதித் தவணைகளை மாதக் கணக்கில் ஏற்றுங்கள்.

வாங்காமலே ஆறு மாதம் கட்டிப் பாருங்கள்

இதுவரை போட்டதெல்லாம் காகிதக் கணக்கு. காகிதத்தில் "மாதம் 4,000 வெளிச் சாப்பாட்டைக் குறைத்துவிடலாம்" என்று எழுதுவது சுலபம். குறைகிறதா என்று பார்க்க ஒரே வழி ஒத்திகை. இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள், கார் கேட்கும் முழுக் கூடுதல் தொகையும் தானாகப் போகும்படி வங்கியில் ஒரு ஆர்டி (மாதாந்திரத் தொடர் வைப்பு) தொடங்குங்கள். தவணை மட்டும் போதாது, பெட்ரோலும் காப்பீடும் சேர்ந்த தொகை. நம் எடுத்துக்காட்டில் 19,100. இருக்கும் சேமிப்புகள் அப்படியே தொடர வேண்டும், அவற்றை நிறுத்திவிட்டு இதைக் கட்டினால் ஒத்திகைக்குப் பொருளில்லை.

எந்த ஆறு மாதம் என்பதும் முக்கியம். மே தொடங்கி அக்டோபர் வரை எடுத்தால் பள்ளிக் கட்டணமும் ஆவணி முகூர்த்த மொய்யும் உள்ளே வந்துவிடும், தீபாவளியும் பெரும்பாலும் வந்துவிடும். ஜனவரியில் தொடங்கி ஜூனுக்கு முன் முடித்துக்கொண்டு "பார், சுலபமாகக் கட்டிவிட்டோம்" என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஆறு மாதமும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கிரெடிட் கார்டு பாக்கியை முழுவதும் கட்டினீர்களா, இல்லை குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி நகர்த்தினீர்களா? மாதம் 3 சதவீதத்துக்கு மேல் ஏறும் அந்த வட்டி எந்தக் கணக்கையும் கெடுத்துவிடும். அடுத்தது, எதையாவது தள்ளிப் போட்டீர்களா? பல் டாக்டர், அம்மாவின் கண் பரிசோதனை, பைக் டயர். தள்ளிப் போட்ட செலவு மறைந்துபோவதில்லை. மூன்றாவது, வீட்டில் பேச்சு எப்படி இருந்தது? பிள்ளைகள் கேட்ட சின்னச் சின்னதற்கெல்லாம் எரிச்சல் வந்ததென்றால் அதையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ளுங்கள். கார் வந்த பிறகு இதே நெருக்கடி அறுபது மாதம் இருக்கும்.

ஒத்திகையில் தேறினால் 1,14,600 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில். அதை முன்பணத்தில் சேர்த்தால் கடன் குறையும். நடுவில் முடியாமல் நின்றால் பணம் உங்களிடமே இருக்கிறது, கார் கடனில் அப்படி நிற்க முடியாது. எந்த மாதம், எதனால் நின்றது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை எவ்வளவு சிறிய வண்டி பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

கடனில் கண்ணைக் கட்டும் இடங்கள்

"5 பர்சென்ட்தான் சார், ஃபிளாட்" என்பார்கள். அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி போடுவதுதான் ஃபிளாட். 8,00,000 கடனுக்கு ஐந்து வருடம் 5 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் மொத்த வட்டி 2,00,000, தவணை 16,667. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் 9 சதவீதத்துக்கு வரும் தவணை 16,607. ஏறக்குறைய ஒன்றேதான். எப்போதும் குறையும் முறை வட்டியைக் கேளுங்கள், அத்துடன் பிராசஸிங் கட்டணத்தையும்.

கால அளவு பெரிய விஷயம். அதே 8,00,000, 9 சதவீதம்: மூன்று வருடத்தில் வட்டி 1,16,000-க்குள், ஐந்தில் 1,96,000, ஏழில் 2,81,000. என் கருத்து, ஐந்து வருடத்தில் கட்ட முடியாத கார் நமக்கான கார் இல்லை. முன்கூட்டியே அடைக்கலாம் என்று நினைப்பவர்கள் அதற்கான கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் கடன்கள் பல நிலையான வட்டியில் வருபவை, அவற்றுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் இருக்கலாம்.

கெட்ட மாதம் வந்தால்?

இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்று பாருங்கள். "முடியாவிட்டால் வண்டியை விற்றுவிடலாம்" என்பது பலரின் பதில். விற்றால் கடன் அடையுமா?

9,60,000-க்கு வாங்கிய வண்டிக்கு 90 சதவீதம், அதாவது 8,64,000 கடன், ஏழு வருடம் என்று வைப்போம். தவணை 13,900. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு பாக்கி சுமார் 6,70,000. காப்பீட்டுக் கணக்குப்படி இரண்டு வயது தாண்டிய வண்டிக்கு 30 சதவீதத் தேய்மானம், அதுவும் ஷோரூம் விலையில் இருந்து. 8,00,000-இல் 30 சதவீதம் போனால் 5,60,000. வண்டி விபத்தில் முற்றிலும் நொறுங்கினால் சாதாரண பாலிசியில் இதை ஒட்டித்தான் கிடைக்கும். காரும் இல்லை, வங்கிக்கு இன்னும் 1,10,000 பாக்கி. விற்கப் போனாலும் நிலைமை பெரிதாக மாறாது. முன்பு சொன்னேனே, கட்டிய வரியும் காப்பீடும் திரும்பாது என்று, அது இங்கேதான் கடிக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் 6,50,000 கடன், ஐந்து வருடம். இரண்டு வருட முடிவில் பாக்கி 4,24,000. விற்றால் அடைத்துவிட்டு மிச்சமும் பார்க்கலாம். விலையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், ஐந்து வருடத்துக்குள் கடன் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த வண்டி இல்லையென்றால் எந்த வண்டி?

மதுரைக் குடும்பத்துக்கு எட்டு லட்ச ரூபாய்ப் புதிய கார் இப்போது கட்டுப்படியாகவில்லை. ஆனால் பதில் "கார் வேண்டாம்" என்பதாக இருக்க வேண்டியதில்லை. 4,25,000-க்கு நல்ல பழைய கார் ஒன்று. கையில் இருந்து 2,75,000, கடன் 1,50,000. பழைய காருக்கு வட்டி கூடுதல், 13 சதவீதம் என்று வைத்து மூன்று வருடம் போட்டால் தவணை 5,050. பழுதுக்குத் தாராளமாக ஒதுக்கி ஓட்டும் செலவை 9,550 என்று வைத்தாலும் மொத்தம் 14,600. மிச்சமாகும் 3,500-ஐக் கழித்தால் 11,100. வீட்டில் மாதம் 5,900 சேமிப்புக்கு நிற்கிறது, அவசரப் பணமும் அப்படியே இருக்கிறது. சாலை வரியையும் முதல் வருடங்களின் பெரிய தேய்மானத்தையும் முன்னவர் சுமந்துவிட்டார்.

பழைய வண்டி என்றால் சில வேலைகள் கூடும். நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அவருக்குக் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் வீண் போகாது. சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பழைய கடன் இன்னும் பதிவில் நிற்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். வண்டி கைமாறிய பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் காப்பீட்டில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போகும்.

இரண்டு வருடம் காத்திருப்பதும் ஒரு வழி. மாதம் 12,000 சேர்த்தால் கிட்டத்தட்ட 3,00,000 கூடும். அதுவரை தேவைப்படும் நாட்களில் வாடகைக் கார், கணக்குப் பார்க்காமல். அந்தச் செலவைக் கஞ்சத்தனமாகப் பிடித்தால் ஆறாவது மாதமே ஷோரூமில் போய் நிற்பீர்கள்.

சரி, கணக்கு ஒத்துவந்துவிட்டது

இப்போது ஷோரூமுக்குப் போங்கள். "மாசம் எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். முதலில் வரி, காப்பீடு எல்லாம் பிரித்துக் காட்டிய ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள், கடனைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எதற்கென்று கேளுங்கள், கேட்டாலே பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியிலும் விலை கேளுங்கள். வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று பார்க்க மறக்காதீர்கள். ஜனவரியில் டெலிவரி எடுத்த வண்டி போன வருடத் தயாரிப்பாக இருந்தால் அதற்கேற்ற தள்ளுபடி வர வேண்டும், விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கடன் வட்டியை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு போனால் ஷோரூமில் சொல்லும் வட்டியோடு ஒப்பிட வசதியாக இருக்கும்.

புக்கிங் பணம் கட்டும்போது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.